அவருக்கு கேஸ் கிடைச்சிட்டுது, குடும்பத்தைக் கூப்பிடுறது எப்பிடி? ஒண்டும் தெரியாத ஆக்களுக்கு ஒரு விளக்கம்

"அவருக்கு கேஸ் கிடைச்சிட்டுதாம், இனி மனுசி பிள்ளையளைக் கூப்பிடுவார்" எண்டு யாழ்ப்பாணத்தில சொல்லாத ஒழுங்கை இல்லை. கேஸ் கிடைக்கிறது எண்டா வெளிநாட்டில போட்ட அகதிக் கேஸை அந்த நாடு ஏற்கிறது. ஆனா கேஸ் கிடைச்ச நாளுக்கும் மனுசி பிள்ளையள் கட்டுநாயக்கவில பிளேன் ஏறுற நாளுக்கும் இடையில என்ன நடக்குது, எந்தப் போமை ஆர் நிரப்புறது, ஆரிட்ட உதவி கேக்கலாம், ஆரை நம்பக் கூடாது எண்டு கேட்டா கனபேருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னது மாமான்ர மகன் சொன்னது எண்டு ஆளுக்கொரு கதையைக் கேட்டுப்போட்டு தலையைப் பிய்ச்சுக்கொண்டு இருக்கினம். அதால முதலில இருந்து வடிவா எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ.

முதல், அகதி எண்டா சட்டத்தில ஆர்? 1951ம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தம் எண்டு ஒண்டு இருக்கு, 1967ல அதை விரிச்சு இன்னொண்டு வந்தது. அதின்படி இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் எண்டது, அரசியல் கருத்து இந்த 5 காரணத்தில ஏதோ ஒண்டுக்காக தன்ர நாட்டில துன்புறுத்துவினம் எண்டு நியாயமான பயம் இருக்கிற, தன்ர நாட்டுக்கு வெளியால நிக்கிற ஆள்தான் அகதி. கடைசியாச் சொன்னதை இன்னொருக்கா வாசியுங்கோ, நாட்டுக்கு வெளியால நிக்கோணும். அதால திருநெல்வேலியில இருந்துகொண்டு "கனடாவுக்கு அகதி விசா எடுத்துத் தாறன், இத்தினை லச்சம் தாங்கோ" எண்டு ஒருத்தர் சொன்னா அது பொய், அப்பிடி ஒரு போம் இல்லை. இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு இருக்கிற வழி, ஏற்கெனவே வெளியில போய் அகதியா ஏற்கப்பட்ட ஆளோட சேருற வழிதான். அதைத்தான் குடும்ப இணைவு எண்டு சொல்லுறது, எங்கட சனம் ஸ்பொன்சர் எண்டும் சொல்லும், ஆனா ரெண்டும் ஒண்டில்லை.

வித்தியாசம் என்னெண்டா, ஸ்பொன்சர் எண்டது அங்க பி.ஆரோ (நிரந்தரமா இருக்கிற உரிமை) சிற்றிசனோ இருக்கிற எவரும் தன்ர மனுசியையோ மனிசனையோ கூப்பிடுற சாதாரண வழி, சில நாட்டில சம்பளம் காட்டோணும், வீடு காட்டோணும், பாசை படிச்சுச் சோதினை பாஸ் பண்ணோணும். அகதிக் குடும்ப இணைவு எண்டது அவர் அகதி எண்டதால கிடைக்கிற உரிமை, கேள்விகள் குறைவு, ஆனா அதுக்கெண்டு ஆக்களும் நேரமும் மட்டா வைச்சிருக்கினம். ஆக்கள் எண்டா பொதுவா கலியாணம் கட்டினவரும் கலியாணம் கட்டாத பிள்ளையளும், அவ்வளவுதான். அம்மா அப்பா, தம்பி தங்கச்சி இதுக்குள்ள வாறதில்லை, அதைச் சொன்னா வீட்டில அழுவினம், ஆனா முதலே சொல்லுறது நல்லது.

நாட்டுக்கு நாடு மாறுறதால கொஞ்சம் பிரிச்சுச் சொல்லுறன். கனடாவில அகதிக் கேஸை போர்ட், அதுதான் கேஸை விசாரிக்கிற சபை, ஏற்ற பிறகு அவர் பி.ஆருக்கு போடுற விண்ணப்பத்திலயே இஞ்ச இருக்கிற மனுசியையும் பிள்ளையளையும் சேர்த்துப் போடலாம், தனி ஸ்பொன்சர் தேவையில்லை. பிள்ளை 22 வயசுக்குக் குறைவா, கலியாணம் கட்டாம இருக்கோணும். இதில ஒரு நல்ல விசயம், வயசைக் கணக்கெடுக்கிறது அப்பா அகதிக் கேஸ் பதிஞ்ச நாளில, விசா குடுக்கிற நாளில இல்லை. அதால போர்டில கேஸ் வருசக்கணக்கா இழுபட்டு பிள்ளைக்கு 23 ஆகிட்டுது எண்டு மனம் விட்டிட வேண்டாம், கேஸ் பதிஞ்ச திகதியைப் பாருங்கோ. சேர்ந்து வராம பிறகு வாறம் எண்டு போட்ட ஆக்கள் அவருக்கு பி.ஆர் கிடைச்ச நாளில இருந்து 1 வருசத்துக்குள்ள தங்கட விண்ணப்பத்தைப் போட்டிடோணும், அந்த 1 வருசத்தை நித்திரையில விட்ட குடும்பங்கள் இருக்கு.

பிரான்சில அகதியா ஏற்கப்பட்டவருக்கு சம்பளமோ வீட்டின்ர அளவோ கேக்கிறதில்லை, மனுசி பிள்ளையள் கொழும்பில இருக்கிற தூதரகத்தில நீண்டகால விசாவுக்குப் போடோணும், கலியாணம் அவர் அசூல் கேஸ், அதுதான் அகதிக் கேஸ், போடமுன்னம் நடந்திருக்கோணும், பிள்ளையள் 19 வயசு தாண்டாம இருக்கோணும். ஜேர்மனியில அகதி அந்தஸ்து உறுதியாகி 3 மாசத்துக்குள்ள குடும்பத்தைக் கூப்பிடப் போறன் எண்டு அறிவிச்சா சம்பளமும் வீடும் காட்டத் தேவையில்லை, அதை அங்க இருக்கிறவரே அறிவிக்கலாம், பிந்தினா எல்லாம் காட்டோணும். முழு அகதி அந்தஸ்து இல்லாம அடுத்த தரப் பாதுகாப்பு மட்டும் கிடைச்சவைக்கு ஜேர்மனி 2025 ஜூலையில இருந்து 2 வருசத்துக்கு குடும்ப இணைவையே நிப்பாட்டி வைச்சிருக்கு. லண்டன்காரருக்கு, அதாவது பிரிட்டனில இருக்கிற ஆக்களுக்கு, இதைவிடக் கஷ்டம், முந்தி காசு கட்டாமலே போடக்கூடின அகதிக் குடும்ப இணைவை 2025 செப்டம்பர் 4ம் திகதியோட புது விண்ணப்பங்களுக்கு மூடிப்போட்டினம், இப்ப போடுற ஆக்கள் சாதாரண குடும்ப விசாவுக்குத்தான் போடோணும், அதுக்கு வருசம் 29,000 பவுண்ஸ் வருமானம் காட்டோணும். சூப்பர்மார்க்கெற்றில இரவு வேலை செய்யிற ஒராளுக்கு இது என்ன தொகை எண்டு சொல்லத் தேவையில்லை, எனக்கு இதில சரியான கோவம்.

இனி நான் முக்கியமாச் சொல்ல வந்த விசயம். எந்த நாடெண்டாலும் அங்க அவர் முதல் நாள் குடும்பம் எண்டு ஆரைச் சொன்னாரோ அந்தக் குடும்பம்தான் கடைசிவரைக்கும் குடும்பம். எயாப்போட்டில வந்து இறங்கின களைப்பில, பயத்தில, இல்லாட்டி ஏஜென்சிக்காரன் "தனி ஆள் எண்டு சொல்லு, கெதியா முடியும்" எண்டு சொல்லிக் குடுத்ததில, மனுசி இல்லை பிள்ளை இல்லை எண்டு சொல்லிப்போடுவினம். கனடாவில பி.ஆர் எடுக்கேக்க சொல்லாம விட்ட மனுசியையும் பிள்ளையையும் பிறகு ஸ்பொன்சர் பண்ண ஏலாது எண்டு ஒரு விதி இருக்கு, 117(9)(d) எண்டு லோயர்மார் சொல்லுவினம். 2019ல இருந்து அகதிகளுக்கும் இன்னும் சில பேருக்கும் அதில ஒரு தளர்வு குடுத்தவை, ஆனா அது தற்காலிக ஏற்பாடு, அதை நம்பி மறைக்கிறது புத்தி இல்லை. கூட வராத பிள்ளையையும் சொல்லோணும், முதல் கலியாணத்துப் பிள்ளையையும் சொல்லோணும், அம்மம்மாவோட வளருற பிள்ளையையும் சொல்லோணும். பொய் சொன்னது பிடிபட்டா கனடாவில 5 வருசம் தடை.

அதால இஞ்ச போம் நிரப்பத் தொடங்க முதல், அங்க இருக்கிறவர் தான் முதல் குடுத்த வாக்குமூலத்தின்ர கொப்பியை எடுத்து வாசிக்கோணும். கனடாவில 2012 டிசம்பருக்குப் பிறகு போன ஆக்களுக்கு அது பேசிஸ் ஒப் கிளெய்ம் எண்ட போம், அதுக்கு முதல் போனவைக்கு பிஃப் எண்ட பழைய போம். கொப்பி இல்லாட்டி முந்தின லோயரிட்டக் கேக்கலாம், இல்லாட்டி தன்ர ஃபைலைத் தரச்சொல்லி அரசாங்கத்திட்டயே எழுதிக் கேக்கலாம், கனடாவிலயும் லண்டனிலயும் அதுக்கு உரிமை இருக்கு. பத்து வருசத்துக்கு முதல் சொன்ன திகதி ஞாபகத்தில இருக்கும் எண்டு நினைக்க வேண்டாம், ஒருத்தருக்கும் இராது.

ஒரு உதாரணம் சொல்லுறன், ஆளைச் சொல்லேல்ல. வடமராட்சிப் பக்கம் ஒரு தங்கச்சி, மனிசன் பரிசில. அவர் அங்க ஒஃப்ப்ராவில, அதுதான் பிரான்சில அகதிக் கேஸ் பாக்கிற இடம், கலியாணத் திகதி எண்டு கோயில்ல தாலி கட்டின திகதியைச் சொல்லியிருக்கிறார். எங்கட ஆக்களுக்கு அதுதானே கலியாணம். ஆனா எழுத்து, அதாவது சட்டப்படி கலியாணப் பதிவு, நடந்தது 2 வருசம் கழிச்சு, இடையில மூத்த பிள்ளை பிறந்திட்டுது. பிள்ளையின்ர பிறப்புச் சேர்ட்டிபிக்கேற்றை எடுத்து மேசையில வைச்சு ஒவ்வொரு கூடாப் பாத்துக்கொண்டு வாறம், அப்பாவின்ர பேர் சரி, அம்மாவின்ர பேர் சரி, கீழ பெற்றோர் விவாகம் செய்தவர்களா எண்டு கேக்கிற கூட்டில "இல்லை" எண்டு எழுதிக் கிடக்கு. பதிவாளர் எழுத்து நடந்ததோ எண்டு கேட்டிருப்பார், இவையும் இல்லை எண்டு சொல்லியிருப்பினம். இப்ப பாருங்கோ, பரிசில ஒரு திகதி, எழுத்துச் சேர்ட்டிபிக்கேற்றில இன்னொரு திகதி, பிள்ளையின்ர பேப்பரில கலியாணமே இல்லை. ஒருத்தரும் ஒரு பொய்யும் சொல்லேல்ல, ஆனா மூண்டு பேப்பரையும் ஒண்டா வைச்சுப் பாக்கிற தூதரக ஒஃபிசருக்கு அது பொய் மாதிரித்தான் தெரியும்.

அதுக்கு என்ன செய்யிறது எண்டா மறைக்கிறதில்லை, முன்னுக்கே சொல்லுறது. ஒரு பக்கத்தில விளக்கக் கடிதம், எங்கட வழக்கத்தில கோயில் கலியாணம் இந்தத் திகதி, சட்டப்படி எழுத்து இந்தத் திகதி, பிள்ளை பிறந்தது இடையில, அதாலதான் அந்தக் கூட்டில அப்பிடி இருக்கு எண்டு. அதோட கலியாணக் காட், அல்பத்தில இருந்து நாலைஞ்சு படம், கோயிலில இருந்து கடிதம், வந்திருந்த ரெண்டு பேரின்ர சத்தியக்கடதாசி. புதுசா ஒரு பிறப்புச் சேர்ட்டிபிக்கேற் "செய்து" தாறன் எண்டு ஒருத்தர் வந்தவர், அந்தத் தங்கச்சி வேண்டாம் எண்டிட்டா, சரியான முடிவு.

பேர்ப் பிரச்சினையும் இதே மாதிரித்தான், கனபேரின்ர ஃபைல் தடக்குப்படுறது இதிலதான். எங்களுக்கு குடும்பப் பேர் எண்டு ஒண்டில்லை, அப்பாவின்ர பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு, கலியாணம் கட்டினா சில பேர் மனிசன்ர பேரையும் போடுவினம். ஐடென்ரிக் காட்டில ஒரு இங்கிலிஸ் எழுத்துக்கூட்டல், பாஸ்போட்டில இன்னொண்டு, பள்ளிக்கூடச் சேர்ட்டிபிக்கேற்றில இன்னொண்டு, ஒண்டில எச் எழுத்து இருக்கும் மற்றதில இராது. அங்க இருக்கிறவர் குடுத்த எழுத்துக்கூட்டலை முதல் கேட்டு எடுத்து, பாஸ்போட் எடுக்க முதலே அதோட ஒத்துப் பாருங்கோ. ஒத்துவராட்டி எல்லாப் பேரும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சு, போமில "வேற பேர்கள்" எண்டு கேக்கிற இடத்தில எல்லாத்தையும் எழுதுங்கோ. அந்த இடத்தை வெறுமையா விடுறது எங்கட ஆக்களின்ர பழக்கம், விடக் கூடாது.

கலியாணம் இன்னும் நடக்கேல்ல, அவருக்கு கேஸ் கிடைச்ச பிறகுதான் நடக்கப் போகுது எண்டா வேற கதை, அது அனேகமா சாதாரண ஸ்பொன்சர் வழிக்குப் போகும். அவர் இஞ்ச வந்து கட்டலாம்தானே எண்டு வீட்டில கேப்பினம், வரக் கூடாது. இலங்கையில எனக்கு உயிராபத்து எண்டு சொல்லிப் பாதுகாப்பு எடுத்தவர் இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிச்சு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிண்டா, அவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை எண்டு அந்த நாடு எடுக்கலாம். கனடாவில 2012 கடைசியில இருந்து அப்பிடி அகதி அந்தஸ்து போனா பி.ஆரும் சேர்ந்து போகும், சிற்றிசன் எடுக்கிறவரைக்கும் அந்தப் பயம் இருக்கு. அதாலதான் கனபேர் தமிழ்நாட்டில போய் கலியாணம் வைக்கினம். வீடியோ கோலில தாலி கட்டி எழுத்து எழுதிப்போட்டு அனுப்புறதும் கனடாவுக்கு சரிவராது, ரெண்டு பேரும் ஒரே இடத்தில நேர நிக்காத கலியாணத்தை 2015 ஜூன் 11ல இருந்து ஏற்கிறதில்லை.

இனி உதவி. ஆர் உதவலாம்? சொந்தக்காரர், தெரிஞ்ச ஆக்கள், கோயில் ஆக்கள், ஆரும் காசு வாங்காம போம் நிரப்ப உதவலாம், அதில பிழையில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லுறதுக்குத்தான் லைசென்ஸ் வேணும். கனடாவுக்கு எண்டா அந்த மாகாணச் சட்டச் சங்கத்தில பதிஞ்ச லோயர், இல்லாட்டி கன்சல்ரன்ற்மாருக்கு எண்டு இருக்கிற கொலீஜில பதிஞ்ச ஆள். லண்டனுக்கு எண்டா சொலிசிற்றர், இல்லாட்டி 2025 ஜனவரி வரைக்கும் ஓ.ஐ.எஸ்.சி எண்டு இருந்து இப்ப ஐ.ஏ.ஏ எண்டு பேர் மாறின இடத்தில பதிஞ்ச ஆள், பதியாம அங்க குடிவரவு ஆலோசனையைத் தொழிலாச் செய்யிறதே குற்றம். இந்தப் பேர்ப் பட்டியல் எல்லாம் இன்ரநெற்றில இருக்கு, பேரைப் போட்டுத் தேடினா ஒரு நிமிசம். ஆனா யாழ்ப்பாணத்தில போர்ட் போட்டு "கனடா பி.ஆர், ஸ்பொன்சர், விசிற்" எண்டு எழுதி வைச்சிருக்கிற கனபேர் அந்தப் பட்டியலில இல்லை. உங்கட போமில அவையின்ர பேர் வராது, பிரதிநிதி எண்ட இடத்தில ஒண்டும் இராது, பிழைச்சா பொறுப்பு முழுக்க கையெழுத்து வைச்ச உங்கட தலையில. காசு வாங்கின ஆள் தன்ர பேரை போமில போடமாட்டன் எண்டு சொன்னா அந்த இடத்தில எழும்பி வாங்கோ. போமும் விக்கிற சாமான் இல்லை, எல்லா நாட்டு போமும் அரசாங்க இணையத்தளத்தில சும்மா இருக்கு.

அங்க இருக்கிறவருக்கு காசில்லாட்டி இலவச இடங்களும் இருக்கு. ஒன்ராறியோவில லீகல் எயிட், ரொறன்ரோவில எஃப்.சி.ஜே அகதிகள் நிலையம், பிரான்சில லா சிமாட், சுவிசில ஹெக்ஸும் கரித்தாசும் நடத்துற சட்ட ஆலோசனை இடங்கள். இஞ்ச பேப்பர் பிரச்சினைக்கு, அதாவது பிறப்புப் பதிவு இல்லை, பிழை திருத்தோணும், காணாமற் போனவரின்ர விசயம் எண்டா யாழ்ப்பாணத்தில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு லோயர் காசு இல்லாமச் செய்து தருவினம். 95 இடம்பெயர்விலயும் வன்னியிலயும் பேப்பர் எல்லாம் துலைச்ச குடும்பங்கள் அங்க போகாம ஏஜென்சிக்காரனிட்டப் போறதைப் பாக்க எனக்கு மனம் கொதிக்கும்.

நல்ல உதவி எப்பிடி இருக்கும் எண்டு ஒரு அடையாளம் சொல்லுறன். அவர் உங்களைக் கேள்வி கேப்பார், அலுப்பு வரும் அளவுக்குக் கேப்பார், எழுதி முடிச்சுப்போட்டு முழுப்போமையும் தமிழில உங்களுக்குத் திருப்பி வாசிச்சுக் காட்டுவார், அதுக்குப் பிறகுதான் கையெழுத்து. வெறும் போமில கையெழுத்தை வாங்கிக்கொண்டு "நான் பாத்து நிரப்புறன் தங்கச்சி, நீங்கள் போங்கோ" எண்டு சொல்லுறவர் எவ்வளவு இனிக்கக் கதைச்சாலும் வேண்டாம்.

இன்னொரு விசயம், சின்னதா இருக்கும் ஆனா இதால விசாவே போயிருக்கு. கொமினிக்கேசன் கடையில போம் அனுப்பேக்க ஈமெயில் வேணும் எண்டு கேக்கும், உங்களிட்ட இல்லை எண்டா கடைக்காரத் தம்பி தானே ஒண்டைத் திறப்பார், பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும், நீங்கள் ஒரு துண்டிலகூட எழுதி எடுக்கிறதில்லை. ஆறு மாசம் கழிச்சு மெடிக்கல் செய்யச் சொல்லி, இன்னொரு பேப்பர் தரச்சொல்லி இத்தினை நாளுக்குள்ள எண்டு தவணை போட்டு கடிதம் அந்த ஈமெயிலுக்கு வரும். அந்தத் தம்பி இப்ப கடையில இல்லை, அவரே கட்டாருக்குப் போட்டார். நீங்கள் பதில் வரேல்ல வரேல்ல எண்டு இருப்பியள், அங்க ஃபைலை மூடிப்போடுவினம். அதால ஈமெயிலை உங்கட ஃபோனில, உங்கட நம்பரில, உங்களுக்கு முன்னால திறக்கச் சொல்லுங்கோ, பாஸ்வேர்ட்டைக் கொப்பியில எழுதுங்கோ, கிழமைக்கு ரெண்டு தரம் திறந்து பாருங்கோ, ஸ்பாம் எண்டு இருக்கிறதுக்குள்ளயும் பாருங்கோ. கடையில ஸ்கான் பண்ணின ஃபைல்களை வெளிக்கிட முதல் அந்தக் கொம்பியூட்டரில இருந்து அழிக்கச் சொல்லுங்கோ. அவரின்ர அகதி வாக்குமூலத்தை வட்ஸ்அப் குறூப்பில போடுறது, கடையில பிறின்ற் எடுக்கிறது ரெண்டும் வேண்டாம், அதில என்ன எழுதியிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும், அது ஊருக்குத் தெரியத் தேவையில்லை.

பேப்பர் சேர்க்கிற வேலை இப்ப முந்தி மாதிரி அலைச்சல் இல்லை. பிறப்பு, எழுத்து, இறப்பு எல்லாம் பிரதேச செயலகத்தில எடுக்கலாம். பாஸ்போட்டுக்கு முந்தி கொழும்புக்கோ வவுனியாவுக்கோ ஓடினது, 2025 செப்டம்பரில யாழ்ப்பாணக் கச்சேரியிலயே ஒஃபிஸ் திறந்திட்டினம். மொழிபெயர்ப்புக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுங்கோ, இங்கிலிஸ் ரீச்சரா இருக்கிற சித்தி நல்லாச் செய்வா எண்டாலும் கனடா குடும்பத்தில உள்ள ஆள் செய்ததை ஏற்காது. இந்திய முகாமில பிறந்த பிள்ளையளுக்கு முதல் இலங்கைப் பிரஜாவுரிமை பதிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ, அது இல்லாம பாஸ்போட் வராது. அப்பா இருக்கிற இடம் தெரியாத பிள்ளையை அம்மா கூட்டிக்கொண்டு போறதெண்டா அப்பாவின்ர சம்மதம் கேப்பினம், காணாமற் போனவர் எண்டா 2016 சட்டத்தின்படி அதுக்கு ஒரு சான்றிதழ் எடுக்கலாம், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாத ஆக்களுக்கு அது ஒரு வழி. பேப்பர் போதாது, பிள்ளை இவரின்ரதான் எண்டு தெரியேல்ல எண்டு கனடா டி.என்.ஏ கேக்கவும் கூடும், கேட்டா பயப்பிட ஒண்டுமில்லை, அவையே சொல்லுற லாபில மட்டும் செய்யுங்கோ.

றிஜெக்ற் ஆகினா அந்தக் கடிதத்தைக் கிழிச்செறியாம திகதியைப் பாருங்கோ, அங்கதான் நாள் எண்ணத் தொடங்கும். பிரான்ஸ் விசா மறுத்தா 30 நாளுக்குள்ள நான்த் நகரத்தில இருக்கிற கொமிசனுக்கு எழுதோணும். கனடாவில ஸ்பொன்சர் மறுத்தா அப்பீலுக்கு 30 நாள், அகதி வழியில சேர்த்த மனுசி பிள்ளையளுக்கு மறுத்தா பெடரல் கோட்டுக்குப் போக 60 நாள், கோட்டுக்குப் போறதுக்கு அங்க லோயர் கட்டாயம் பிடியுங்கோ. மறுத்த காரணத்தை ஒருத்தரிட்ட வடிவா வாசிச்சு விளங்கிக்கொள்ளாம அதே பேப்பரை அடுத்த கிழமையே திருப்பி அனுப்பினா அதே பதில்தான் வரும். விளக்கக் கடிதம் இல்லாததாலயோ, திகதி மாறினதாலயோ, தவணை தப்பினதாலயோ எண்டு முதல் பாருங்கோ, அனேகமான ஃபைலில இந்த மூண்டில ஒண்டுதான் கிடக்கும், மூண்டையும் சரிப்படுத்த வழி இருக்கு.